பதினெட்டுக் கிலோ கொழுந்து

கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு விண்வெளிக் கதை சில மாதங்களுக்கு முன் என் கைக்கு வந்தது. எழுதியவள் தரம் பத்தில் படிக்கிற பிள்ளை. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்து நடந்து வருகிறவள். கதாநாயகன் பெயர் ஜேம்ஸ். பொன்னிற முடி, நீலக் கண். நியூயோர்க்கில் இருந்து கப்பல் புறப்படுகிறது, ஒளியை விட வேகமாகப் போகிறது, வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகத்தில் இறங்குகிறது. கப்பலில் ஒரு பெண்ணும் உண்டு. பால் போன்ற நிறம் என்று எழுதியிருந்தாள். ஜேம்சுக்குக் காயம் படும்போது அழுவதைத் தவிர அந்தப் பெண்ணுக்குக் கதையில் வேலை இல்லை.

கதை நன்றாகவே இருந்தது. கப்பலின் கதவு திறக்கிற சத்தத்தை "ஸ்டோர் மெசின் நிற்கும்போது வருகிற மூச்சு மாதிரி" என்று எழுதியிருந்தாள். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்த வரி வரும். கதை முழுவதிலும் அந்த ஒரு வரியில் மட்டும்தான் அவள் இருந்தாள். மற்ற இடமெல்லாம் ஜேம்ஸ்.

"நம்ம ஆளுங்க ஒருத்தரும் இந்தக் கப்பல்ல இல்லையா புள்ள?"

"இருந்தா பொய் மாதிரி இருக்கும் டீச்சர்."

"ஒளியை விட வேகமாப் போறது பொய் இல்லையா?"

கொஞ்சம் யோசித்தாள். "அது கதைக்குத்தானே டீச்சர்."

இதே பதிலை வளர்ந்த ஒருவரிடம் இருந்தும் வாங்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சஞ்சிகைக்குக் கதை அனுப்பினேன். வியாழனின் நிலவான யுரோப்பாவின் பனியைத் துளைத்துக்கொண்டு போகிற ஒரு குழு. குழுத்தலைவி லயத்தில் பிறந்தவள், கறுத்தவள், நாற்பது வயதுக்காரி. அந்தக் கதையில் உண்மையிலேயே ஒரு ஓட்டை இருந்தது. ஒரு கிலோ பனியை உருக்கவே 334 கிலோயூல் வேண்டும். யுரோப்பாவின் மேற்பரப்போ பூச்சியத்துக்குக் கீழே 160 பாகை குளிர். உருகுநிலைக்குக் கொண்டுவரவே தனியாக வெப்பம் வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் பனியைத் துளைக்க நான் கொடுத்திருந்த மின்கலம் ஒரு நாள்கூடத் தாங்காது. கதையைத் திருப்பி அனுப்பியவர் அதைக் கேட்கவேயில்லை. விஞ்ஞானம் சரியாக இருக்கிறது, அந்தப் பெண்தான் நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை வெகுநாள் வைத்திருந்தேன். கோபம் ஆறிய பிறகுதான் புரிந்தது, அவர் விஞ்ஞானத்தைப் பார்க்கவேயில்லை. 'நம்பும்படியாக இருக்கிறதா' என்ற கேள்வியை இயந்திரத்திடம் கேட்காமல் ஆளிடம் கேட்டிருக்கிறார். இது அவருடைய பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் டிலேனியின் 'நோவா' நாவல் 1968 இல் வந்தது. அதைத் தொடராகப் போட 'அனலாக்' இதழின் ஆசிரியர் ஜோன் டபிள்யூ. கேம்பல் மறுத்துவிட்டார். கதாநாயகன் கறுப்பினத்தவன், அவனோடு வாசகர்களால் ஒன்ற முடியாது என்பதே அவர் சொன்ன காரணம் என்று டிலேனி பின்னாளில் எழுதினார். விண்மீன்களுக்கு நடுவே பறந்து திரிகிற நாவல் அது. அதில் கேம்பலுக்குத் தொண்டையில் சிக்கியது தோலின் நிறம்.

அதே கேம்பல் 1954 இல் வெளியிட்ட ஒரு கதை இன்றுவரை 'கறாரான விஞ்ஞானக் கதை'க்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. டொம் கோட்வின் எழுதிய 'தி கோல்ட் இக்குவேஷன்ஸ்'. நோயாளிகளுக்கு மருந்து கொண்டுபோகிற சின்னக் கப்பல். எரிபொருள் ஓர் ஆளுக்குத்தான் கணக்குப் பார்த்து ஊற்றப்பட்டிருக்கிறது. அண்ணனைப் பார்க்கிற ஆசையில் ஒரு சின்னப் பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள். அவளுடைய திணிவும் சேர்ந்தால் கப்பல் ஒழுங்காக இறங்காது, எல்லோரும் சாவார்கள். ஆகவே அவள் கதவுக்கு வெளியே போக வேண்டும். யாரும் கெட்டவர் இல்லை, சமன்பாடு அப்படி. எழுதியவர் எப்படியாவது அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பார்த்தார், கேம்பல்தான் திரும்பத் திரும்பத் திருத்தச் சொன்னார் என்பார்கள்.

முதல் தடவை வாசித்தபோது அழுதேன். இரண்டாம் தடவை எனக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவம் ஞாபகம் வந்தது.

என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பள்ளி விடுமுறையில் அவர் பின்னால் மடுவத்துக்குப் போய் நிற்பேன். வரிசையில் ஒவ்வொருவராகக் கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டுவார்கள். முள் ஆடி ஆடி நிற்கும். இருபத்தொன்று காட்டும். சிட்டையில் எழுதுவது பதினெட்டு. தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு. மழை பெய்த நாளில் சரி, இலையில் தண்ணீர் இருக்கும். வெயில் காய்ந்த நாளிலும் தண்ணீர்க் கழிவு போனது. குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான், அரைச் சம்பளம். அம்மா ஒரு நாள் கேட்டார். "கணக்கு அப்படிம்மா" என்று பதில் வந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொல்கிற அதே குரல்.

பௌதிகவியல் படிப்பிக்கத் தொடங்கிய பிறகு கோட்வினின் கதையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஈர்ப்பு அந்தப் பெண்ணைக் கொல்லவில்லை. மிச்ச எரிபொருள் ஒரு லீட்டர்கூட இல்லாமல் கப்பலை அனுப்பலாம் என்று யாரோ ஒருவர் முடிவெடுத்தார். உயிர் போகிற இடத்துக்குக் கதவில் ஒரு பூட்டுப் போடவும் யாருக்கும் தோன்றவில்லை. எந்தப் பொறியியலாளரும் ஒரு பாலத்தை அப்படிக் கட்டமாட்டார். தாங்க வேண்டிய சுமையை விடக் கூடுதலாகத்தான் கட்டுவார். விஞ்ஞான ரீதியாகப் பார்த்தால் கதையில் நம்ப முடியாத பகுதியே அந்தக் கப்பல்தான். ஆனால் எழுபது வருடமாக அந்தப் பெண்ணின் சாவுதான் 'விஞ்ஞானம்' என்ற பெயரில் போகிறது.

விஞ்ஞானக் கதையில் பெண்ணும் கறுத்தவளும் தோட்டத்துக்காரியும் வேண்டும் என்று கேட்டால், "அப்போ விஞ்ஞானத்தை விட்டுடச் சொல்றீங்களா?" என்று உடனே ஒரு கேள்வி வரும். நான் அதற்கு நேர் எதிரானதைத்தான் கேட்கிறேன். கணக்கைக் கடைசி வரைக்கும் போடுங்கள்.

போட்டுப் பாருங்கள். ரொக்கட்டில் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் செலவு. சின்ன உடம்புக்குச் சாப்பாடும் குறைவு, ஒட்சிசனும் குறைவு. தூரப் பயணத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் தராசு மட்டும் பேசினால், நாற்பத்து மூன்று கிலோ இருந்த என் அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டிருப்பார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பதின்மூன்று பெண்கள், ஆண் விண்வெளி வீரர்களுக்கு வைத்த அதே மருத்துவச் சோதனைகளில் தனியார் ஏற்பாட்டில் தேறினார்கள். நாசா அவர்களில் ஒருவரையும் அனுப்பவில்லை. 1983 இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீராங்கனை சாலி ரைட் ஆறு நாள் பயணத்துக்குப் புறப்பட்டபோது, மாதவிடாய்க்கு நூறு டம்போன் போதுமா என்று நாசா பொறியியலாளர்கள் அவரிடம் கேட்டார்கள். சந்திரனுக்கு வழி கணக்குப் போட்டவர்கள் அவர்கள். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் மட்டும் சேர்ந்து விண்ணில் நடக்க இருந்தது தள்ளிப்போனது. நடுத்தர அளவு மேலுடுப்பு ஒன்றுதான் தயாராக இருந்தது. அக்டோபரில்தான் இரண்டு பெண்கள் அப்படி நடந்தார்கள்.

நிறமும் அப்படித்தான். கொரோனா நாட்களில் விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற சின்னக் கருவி எங்கள் ஊருக்கும் வந்தது. கறுத்த தோலில் அது இருப்பதை விடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் ஆய்வு வெளியிட்டார்கள். தோல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிற கருவி. மெலனின் ஒளியை உறிஞ்சும். இதை யோசிக்காமல் ஒரு விண்கப்பல் மருத்துவமனையை எழுதினால் அது எப்படிக் கறாரான விஞ்ஞானம் ஆகும்? உலகத்தில் பத்துப் பேரை எடுத்தால் ஆறு பேர் ஆசியாவில் இருக்கிறார்கள். முந்நூறு வருடத்துக்குப் பிறகு பூமி முழுவதுக்குமான ஒரு கப்பலில் எல்லோரும் ஜேம்ஸ் என்றால், அதற்கு எழுதுகிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

வகுப்பில் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். கரும்பலகையில் இரண்டு வசனம் எழுதினேன். "கப்பலின் தலைவர் உள்ளே வந்தார். அவர் களைத்திருந்தார்." தலைவரை வரையுங்கள் என்றேன். இருபத்தெட்டுப் பிள்ளைகள். இருபத்தேழு படத்தில் மீசை. அந்த இரண்டு வசனத்தையும் திரும்ப வாசிக்கச் சொன்னேன். எங்கே மீசை? 'அவர்' என்பதிலும் இல்லை, 'வந்தார்' என்பதிலும் இல்லை.

தமிழின் இந்த வசதியை நாங்கள் சும்மா விட்டுவைத்திருக்கிறோம். உர்சுலா லெ குவின் 1969 இல், ஆண் பெண் என்று நிலையாகப் பிரியாத மனிதர்கள் வாழும் கிரகத்தை 'தி லெஃப்ட் ஹேண்ட் ஒஃப் டார்க்னஸ்' நாவலில் படைத்தார். ஆங்கிலத்தில் அவர்களை ஆண்பாலில் சொல்லிவிட்டு, அது சரிதானா என்று பின்னாளில் தானே பலமுறை திரும்பிப் பார்த்தார். தமிழில் மரியாதைக்காக வந்த 'அவர்' அந்தச் சிக்கலைப் பாதி தீர்த்துவிடுகிறது. மீதிப் பாதி எங்கள் தலைக்குள் இருக்கிற மீசை.

பழகினால் மாறும் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. மாசியில் காமன் கூத்து நடக்கும்போது எங்கள் தோட்டத்தில் ரதி வேசம் கட்டுகிறவர் ஓர் ஆண். பகலில் கவ்வாத்து வெட்டுகிற ஆள். மீசையை எடுத்து, சேலை கட்டி, சலங்கையோடு வந்து நிற்பார். காமன் எரிந்தபின் அவர் ஒப்பாரி வைக்கும்போது இஸ்தோப்பில் (லயத்து முன் திண்ணையில்) இருக்கிற கிழவிகள் வாய்விட்டு அழுவார்கள். அவர் ஆண் என்று தெரியாதா? தெரியும். நேற்றுக்கூட அவரோடு சண்டை போட்டவர்கள்தான். படத்தில் மீசை வைத்த அதே பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்து கண்ணைத் துடைக்கிறார்கள்.

சரி, எனக்கு மிகவும் முக்கியமான விடயத்துக்கு வருகிறேன்.

விஞ்ஞானக் கதையில் 'தலைமுறைக் கப்பல்' என்று ஒரு வகை உண்டு. விண்மீன்கள் தூரம், ஓர் ஆயுள் போதாது. ஆகவே கப்பலிலேயே பிள்ளை பெற்று, வளர்த்து, செத்து, அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளின் பிள்ளைகள் போய்ச் சேர்வார்கள். எத்தனை பேர் இருந்தால் பரம்பரை கெடாது, எவ்வளவு காற்று, எவ்வளவு பயிர் என்று கணக்குப் போடுவார்கள். எனக்கும் அந்தக் கணக்குகள் பிடிக்கும். ஆனால் அந்தக் கதைகளை வாசிக்கும்போதெல்லாம், இது எனக்குத் தெரிந்த இடம் என்று உடம்பு சொல்லும்.

எங்கள் முன்னோர் தமிழ்நாட்டில் இருந்து மன்னார்ப் பக்கம் வந்திறங்கி, காட்டு வழியில் மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 2023 இல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு அதே வழியில் திரும்ப நடந்தார்கள். அன்று வந்தவர்களுக்கு முதலில் கோப்பித் தோட்ட வேலை என்றார்கள். 1869 இல் கோப்பியில் இலைத்துரு நோய் விழுந்தது, பிறகு தேயிலை என்றார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. லயம், கோயில், கடை, பிள்ளைக்காம்பரா, மருந்துக்காம்பரா, சுடுகாடு எல்லாம் ஒரே எல்லைக்குள். விடியப் பெரட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கிற வரிசை. யாரும் இந்தப் பயணத்தைத் தெரிவுசெய்து பிறக்கவில்லை. என் பாட்டிக்கு முசிறிப் பக்கம் ஓர் ஊர்ப் பெயர் தெரியும். அங்கே ஓடுகிற ஆறு எந்தத் திசையில் என்று தெரியாது.

1948 இல் சட்டம் போட்டு எங்கள் குடியுரிமையை எடுத்தார்கள். 1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். கப்பல் நடுவழியில் இருக்கும்போது, புறப்பட்ட துறைமுகமும் உங்களுடையது இல்லை, சேரும் துறைமுகமும் உங்களுடையது இல்லை என்று அறிவிப்பு வந்தால் எப்படி இருக்கும் என்று எந்த விண்வெளிக் கதையில் வாசித்தாலும் எனக்குப் புதிதாக இருக்காது.

அந்த வகைக் கதைகளில் நான்காம் தலைமுறை பெரும்பாலும் கலகம் செய்யும், இல்லாவிட்டால் கப்பலில் இருப்பதையே மறந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதைச் சொல்ல எங்களுக்குத் தெரியும். சீட்டுப் பிடிப்பது, கூத்துக்கு ஆள் சேர்ப்பது, இஸ்தோப்பில் நாலு ரோசாக் கன்று நடுவது, மகளை எப்படியாவது ஏ.எல். வரைக்கும் படிக்கவைப்பது. கப்பலில் இவ்வளவு பிள்ளைகள் பிறக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள், பால் கொடுக்க எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று எழுதுவதில்லை. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா மலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வருவார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கமாட்டார். காலில் அட்டை கடித்த இரத்தம் வழியும். ஒரு கண் பிள்ளையில், ஒரு கண் வெளியே. திரும்பி மேட்டில் ஏறுகிற நேரமும் அதே கணக்கில்தான் போகும், கிலோ அதற்காகக் குறையாது. ஒரு தலைமுறைக் கப்பலின் உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் இருக்கிற நேரடி அறிவு இது. ஜேம்சிடம் இது இல்லை. அந்தக் கப்பலில் எங்கள் ஆட்கள் இருந்தால் பொய் மாதிரி இருக்கும் என்று எங்கள் பிள்ளையே சொல்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கதை எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு ஜன்னலைத் திறந்து காட்டினேன். பனிமூட்டம் இல்லாத நாள். சிவனொளிபாதமலை கூராகத் தெரிந்தது. இலங்கையிலேயே குடியிருந்த ஆதர் சி. கிளாக் 1979 இல் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்' நாவலில் இந்த மலையின் சாயலில் ஒரு மலை வருகிறது. அதன் உச்சியில் இருந்து வானத்துக்கு ஒரு மின்தூக்கிக் கோபுரம். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் ஒரு பொருள் பூமி சுழல்கிற வேகத்திலேயே சுற்றும், ஓரிடத்தில் நிற்கிற மாதிரித் தெரியும். அங்கிருந்து கயிறு இறக்கலாம். நாம் இருப்பது நிலநடுக்கோட்டில் இல்லையே! கிளாக் கதைக்காகத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தினார், மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார், இரண்டையும் வாசகருக்குச் சொல்லியும் விட்டார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். நாவலில் பொறியியலாளர் இருக்கிறார், அரசன் இருக்கிறார், பிக்குகள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற இராஜதந்திரி இருக்கிறார். மலையடிவாரத்து லயத்தில் இருந்து முன்னுக்கு வருகிற ஓர் ஆள் இல்லை.

"அந்தக் கோபுரத்துல யாரு ஏறுவா?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். ஜேம்ஸ் இல்லை. கோபுரத்தில் ஏறுகிறவள் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் மகள். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து, மேலே போக ஏழரை நாள் என்று கணக்குப் போட்டிருந்தாள். சரியான கணக்கு. அதைக் கேட்ட அவள் அம்மா, ஏழரையா என்று பயந்து கோயிலில் விளக்கு வைக்கச் சொன்னாராம். அதையும் கதையில் சேர்த்திருந்தாள். ஏழரை நாளுக்கு ரொட்டி பழுதாகாதா என்று என்னைக் கேட்டாள். மா கொண்டு போ, ஆனால் முதல் இரண்டு நாளுக்குள் பிசைந்துவிடு, மேலே போகப் போக நிறை குறையும் என்றேன்.

"எவ்வளவு குறையும் டீச்சர்?"

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். கோபுரம் பூமியோடு சுழல்வதால் இன்னும் கொஞ்சம் கழியும். முதல் நாள் முடிவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்றாம் நாள் முடிவில் பன்னிரண்டில் ஒன்று. உச்சியில் பூச்சியம். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பதினெட்டு என்று எழுதி, பக்கத்தில் ஒவ்வொரு நாளாகப் போட ஆரம்பித்தாள்.

கதையில் அந்தப் பெண் பதினெட்டுக் கிலோ கொழுந்தும் ஒரு தராசும் கொண்டு போகிறாள். முதல் நாள் இரவு முள் ஆறுக்குக் கீழே நிற்கிறது. மூன்றாம் நாள் ஒன்றரை. உச்சிக்குப் போனதும் முள் அசையவே இல்லை. சாக்கு அவிழ்ந்து கொழுந்து மிதக்கிறது. அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணுகிறாள். பறித்தது அவ்வளவும் இருக்கிறது.

ஒரு சந்தேகத்தோடு கொப்பியை மூடினேன். தட்டுத் தராசாக இருந்தால் இந்தக் கதை நடக்காது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறைந்துபோகும். விற்றராசாக இருந்தால்தான் முள் இறங்கும். மடுவத்தில் இருப்பது எது என்று பார்த்து வரச் சொன்னேன். அடுத்த நாள் காலை, பிரார்த்தனைக்கு மணி அடிக்கும் முன்பே வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"விற்றராசுதான் டீச்சர். உள்ள சுருள்கம்பி இருக்கு, நான் கையை விட்டுப் பார்த்தேன்."